கான்பூரிலிருந்து வந்த லிபரேட்டர்: தாத்தாவின் நோட்டில் செல்லரித்த ஓர் எண்

ஹலசூர்ப் பேத்தி எழுதியது, ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் முருகேஷ்பாளையாவில் இருந்த எங்கள் பழைய வீட்டைப் போன மாதம் காலி செய்தோம். பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது. தாத்தா 1942-இல் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். வீட்டில் யாரும் எச்.ஏ.எல். என்று சொன்னதில்லை, ‘ஃபேக்டரி’தான். ஹலசூரிலிருந்து விடியற்காலையில் நடந்தே போவாராம். சங்கு ஊதுவதற்குள் உள்ளே இருக்க வேண்டும் என்பதற்காகச் சாப்பாட்டு அடுக்கை முதல் நாள் இரவே கழுவிக் கவிழ்த்து வைப்பாராம். 1987-இல் இறந்துவிட்டார். எனக்கு அப்போது ஆறு வயது.

பெட்டியில் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு இருந்தது. பென்சிலில், தமிழில் எழுதியிருக்கிறார். பாதிப் பக்கங்கள் செல்லரித்துப் போயின. ஒரு பக்கத்தின் தலைப்பில் ‘கான்பூர், 1948’ என்று இருக்கிறது. அடுத்த வரியில் ‘கே.என். 7’, பிறகு ஒரு ஓட்டை, பிறகு ‘1’. அதன் பக்கத்தில் ‘நாலு எஞ்ஜின்’. அதற்கு அடுத்த பக்கத்தில் பதினோரு பேரின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏதோ ஓர் எழுத்தும் ஒரு தொகையும். 140, 140, 95, 95 என்று இரண்டிரண்டு பேருக்கு ஒரே தொகை, கடைசி ஆளுக்கு மட்டும் தனியாக 118. சீட்டுக் கணக்கோ கைமாற்றோ என்று அம்மா சொல்கிறாள். பதினோரு பேரில் ஒருவரை மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி வருவார், நாங்கள் வால் மாமா என்று கூப்பிடுவோம், வந்தால் வீடே அதிரும். மற்ற பத்துப் பேர் யாரென்று தெரியவில்லை.

அந்த விமானம் எது, போரில் என்ன செய்தது, அதில் பறந்தவர்கள் யார் என்று கண்டுபிடிக்க ஆசை. எங்கே தொடங்குவது? இதில் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

இறக்கை110 எழுதியது, ஞாயிறு இரவு 11.05

பேத்தி, உங்கள் கையில் இருப்பது சாதாரண நோட்டு இல்லை! 1948, கான்பூர், நாலு எஞ்ஜின் என்றால் அது பி-24 லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானம்தான், வேறு வழியே இல்லை.

நான் மடிவாளாவில் இருக்கிறேன், சிறுவயதிலிருந்து இந்த விமானத்தின் மேல் பைத்தியம். என் பெயரில் உள்ள 110 அதன் இறக்கையின் நீளம், அடிக்கணக்கில். ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன் உள்ள நான்கு எஞ்ஜின்கள், பின்னால் இரட்டை வால் துடுப்பு, குண்டு அறையின் கதவு கடை ஷட்டர் போல உடம்போடு சுருண்டு மேலே ஏறும். 18,000-க்கு மேல் செய்தார்கள். அமெரிக்க குண்டுவீச்சு விமானங்களில் இவ்வளவு எண்ணிக்கையில் வேறு எதுவும் செய்யப்படவில்லை. மிச்சிகனில் ஃபோர்டு கம்பெனி கட்டிய வில்லோ ரன் தொழிற்சாலையில் உச்சக்கட்டத்தில் மணிக்கு ஒன்று வெளியே வந்தது.

இன்னொரு விஷயம். பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டர் நிற்கிறது. அதன் போர்க்கால எண் கே.என். 751. நம் விமானப் படையில் எச்.இ. 807 என்ற எண்ணில் பறந்து, 1974-இல் இங்கிருந்து அங்கே போனது. உங்கள் நோட்டில் 7, ஓட்டை, 1. ஓட்டையில் 5 வைத்துப் பாருங்கள். எனக்கு இப்போது தூக்கம் வராது.

---

ஆவணப் பூச்சி எழுதியது, திங்கள் காலை 6.30

இறக்கை தம்பி, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் இந்த வேலையில் பலரையும் வழி தவறவைப்பது இதுதான்: விடையை முதலில் பிடித்துக்கொண்டு சான்றை அதற்கு ஏற்ப வளைப்பது. பத்தாண்டுகளாக இந்தப் பதிவேடுகளில்தான் என் விடுமுறைகள் எல்லாம் போகின்றன. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் எண்ணைப் பார்ப்போம். நடு இலக்கம் 0 என்றால் கே.என். 701. அது லிபரேட்டர் இல்லை. கே.என். வரிசையில் 701 வரை டகோட்டா என்ற போக்குவரத்து விமானங்கள், 702-லிருந்து 836 வரை லிபரேட்டர்கள். டகோட்டாவுக்கு இரண்டே எஞ்ஜின். தாத்தா ‘நாலு எஞ்ஜின்’ என்று எழுதிவைத்ததால் 701 கழிந்தது. பார்த்தீர்களா, அவர் ஏன் எழுதினாரோ, இன்று அது சான்றாக நிற்கிறது. மிச்சம் 711, 721, 731 என்று 791 வரை ஒன்பது. 751 அந்த ஒன்பதில் ஒன்று, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஒரு விமானத்துக்கு ஒரே பெயர் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் தேடினால் மூன்று விமானங்களின் கதையை ஒன்றாகக் கட்டிவிடுவோம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அமெரிக்க எண்: 44 என்று தொடங்கினால் 1944-ஆம் ஆண்டின் ஒப்பந்தம். கடன்-குத்தகையில், அதாவது போருக்காக அமெரிக்கா நட்பு நாடுகளுக்குத் தளவாடம் கொடுத்த ஏற்பாட்டில், பிரிட்டிஷாருக்கு வந்ததும் கே.என். போன்ற எண். நம் விமானப் படையில் எச்.இ. என்று மூன்றாவது எண். கே.என். 751-இன் அமெரிக்க எண் 44-50206. ஒரே உடம்பு, மூன்று பெயர்கள். பிறந்த வீட்டில் ஒரு பெயர், புகுந்த வீட்டில் ஒரு பெயர் என்பது போல.

இதில் தாத்தா எச்.இ. எண்ணை எழுதாமல் கே.என். எண்ணை எழுதியிருப்பது முக்கியம். புது எண் பூசப்படுவதற்கு முன்பே, பழைய எண் உடம்பில் தெரியும்போதே பார்த்திருக்கிறார். அதாவது கான்பூரில், அது கிடந்த இடத்திலேயே.

---

ஹலசூர்ப் பேத்தி எழுதியது, திங்கள் மதியம் 1.15

ஆவணப் பூச்சி அண்ணா, கடைசி வரியைப் படித்துவிட்டு ஆபீஸில் கொஞ்ச நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். தாத்தா கான்பூர் போனார் என்றே எங்களுக்குத் தெரியாது. ‘வடக்கே கொஞ்ச நாள் இருந்தார்’ என்று மட்டும் பாட்டி சொல்வாள்.

ஒன்பதில் எது என்று எப்படிக் கழிப்பது? அதில் பறந்தவர்கள் பெயர் கிடைக்குமா?

---

ஆவணப் பூச்சி எழுதியது, திங்கள் இரவு 10.20

கிடைக்கலாம். வழியைச் சொல்கிறேன், ஆனால் இந்த வரிசையில்தான் போக வேண்டும்.

ராயல் ஏர் ஃபோர்ஸ் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டை வைத்திருந்தது, படிவம் 78. எந்த நாளில் எந்தப் பிரிவுக்குப் போனது என்று அதில் சுருக்கமாக இருக்கும். ஆசியாவுக்கு வந்த விமானங்களின் அட்டைகள் பெரும்பாலும் சப்பென்று இருக்கும், நான்கைந்து வரிதான். ஆனாலும் படையணியின் எண் கிடைத்துவிட்டால் போதும், கதவு திறந்துவிடும்.

அடுத்தது படையணியின் செயற்பாட்டுப் பதிவேடு. லண்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஏர் 27 என்ற தொகுதியில் இருக்கிறது, பெரும்பகுதியை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதில் இரண்டு படிவங்கள். 540 என்பது நாள்வாரிச் சுருக்கம்: மழை, விருந்தாளி, கால்பந்து, குண்டுவீச்சு எல்லாம் ஒரே தொனியில் எழுதப்பட்டிருக்கும். 541 தான் நமக்கு வேண்டியது. ஒவ்வொரு பறப்புக்கும் விமானம், அதில் ஏறியவர்கள் அத்தனை பேர், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், என்ன நடந்தது என்று ஒரு வரி. விமானி, துணை விமானி, நேவிகேட்டர், குண்டு எறிபவர், வயர்லெஸ் ஆபரேட்டர், ஃப்ளைட் எஞ்ஜினியர், துப்பாக்கிக்காரர்கள் என்று எட்டுப் பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். சில எழுத்தர்கள் விமானத்தின் முழு எண்ணையும் எழுதுவார்கள். சிலர் படையணி அதற்குக் கொடுத்த ஓர் எழுத்தை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ‘எஃப்’ என்ற எழுத்து ஒரு மாதம் ஒரு விமானத்துக்கு, அடுத்த மாதம் இன்னொன்றுக்கு. அங்கேதான் பலர் சறுக்குவது.

அதை உறுதிப்படுத்த ஒரே நல்ல வழி பறந்தவர்களின் சொந்த லாக் புத்தகம். ஒவ்வொருவரும் தம் பறப்புகளைத் தாமே எழுதிவைத்தார்கள், அதில் பெரும்பாலும் விமான எண் இருக்கும். அவை குடும்பங்களிடம் இருக்கின்றன, உங்கள் டிரங்குப் பெட்டி போன்ற பெட்டிகளில்.

கே.என். எண்கள் ஆசியாவுக்கு வந்தது போரின் கடைசி மாதங்களில். கே.என். 751 பறந்தது 99-ஆவது படையணியில், கோகோஸ் தீவுகளிலிருந்து. இந்துமாக்கடலில் சுமத்ராவுக்குத் தென்மேற்கே இருக்கும் பவளத் தீவு. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகு அங்கிருந்த லிபரேட்டர்கள் குண்டுக்குப் பதிலாகத் துண்டுப்பிரசுரம் போட்டன, கைதி முகாம்களுக்கு உணவும் மருந்தும் போட்டன. உங்களுடையது அதே படையணியா என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். அட்டை சொல்லட்டும்.

---

சயாம் பாதை எழுதியது, செவ்வாய் அதிகாலை 2.10

பேத்தி, உங்கள் தாத்தாவைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த இழையைப் படித்துக்கொண்டே வரும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பாட்டியின் அண்ணன் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர், 1942 ஜூனிலிருந்து 1943 அக்டோபர் வரை. அவர் திரும்பவில்லை. பாதை போட்டு முடிந்த பிறகும் நம் ஆட்களை அங்கேயே வைத்திருந்தார்கள், பராமரிப்புக்கு என்று. அப்போது அந்தப் பாலங்களின் மேல் குண்டு போட்டவை எவை தெரியுமா? இந்தியாவிலிருந்து கிளம்பிய லிபரேட்டர்கள்.

வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தன்பியூசயாட்டிலும் கல்லறை வரிசை இருக்கிறது, ஒவ்வொரு கல்லிலும் பெயர். செத்த தமிழனுக்கு ஒரு பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள், எத்தனை ஆயிரம் என்பதே மதிப்பீடுதான். ஏனென்றால் யாரும் எழுதிவைக்கவில்லை. அப்படியிருக்க, மேலிருந்து குண்டு போட்டவனின் பெயரை நாம் ஏன் இவ்வளவு பாடுபட்டுத் தேட வேண்டும்? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

---

இறக்கை110 எழுதியது, செவ்வாய் காலை 8.00

நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். அந்த விமானத்தை நான் இத்தனை வருடம் அழகு என்று மட்டும் பார்த்திருக்கிறேன். பாலத்தில் குண்டு விழும்போது கீழே யார் இருந்தார்கள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் பக்கம் ஒன்றே ஒன்று. அருணாசலப் பிரதேசத்தின் மலையில் 1944 ஜனவரி 25 அன்று ஒரு அமெரிக்க லிபரேட்டர் விழுந்தது, எட்டுப் பேர். 2006-இல்தான் இடம் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் ஒருவரின் எச்சம் ஜார்ஜியாவில் சொந்த ஊரில் அடக்கமானது 2017-இல். எழுபத்து மூன்று வருடம் ஒரு குடும்பம் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பும் உங்கள் பாட்டியின் காத்திருப்பும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

---

ஆவணப் பூச்சி எழுதியது, செவ்வாய் காலை 9.45

சயாம் பாதை, நீங்கள் சொன்னது சரி. ராயல் ஏர் ஃபோர்ஸ் லிபரேட்டர்கள் பர்மா–சயாம் பாதையைத் தாக்கியது பதிவேடுகளிலேயே இருக்கிறது. 99-ஆவது படையணியும் வங்காளத்தின் துபாலியாவிலிருந்து பறந்தது. பேத்தியின் கே.என். விமானம் வந்தது அதற்கெல்லாம் பிந்திய மாதங்களில் என்று காலக்கணக்குச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. ஒரே வகை விமானம், ஒரே படை.

541-ஐப் படிக்கும்போது எனக்கும் இதுதான் உறுத்தும். ‘பாலம், நேரடி அடி’ என்று ஒரு வரி. மேலே எட்டுப் பேருக்கும் பெயர், பதவி, படை எண். கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியில் தேதியும் நேரமும் இடமும் இருக்கின்றன. நம் ஆட்கள் எங்கே, எந்த நாளில் செத்திருக்கக்கூடும் என்பதற்கு எழுத்தில் இருக்கும் சான்றுகளில் அதுவும் ஒன்று. அதைப் படிக்காமல் விட்டால் அதுவும் போய்விடும். உங்கள் பாட்டியின் அண்ணன் எந்த முகாமுக்குப் போனார் என்று குடும்பத்தில் ஏதாவது ஓர் ஊர்ப் பெயர் மிஞ்சியிருந்தால் எனக்கு எழுதுங்கள். பதிவேடுகளில் நான் தேடுகிறேன்.

---

சயாம் பாதை எழுதியது, செவ்வாய் இரவு 7.30

ஒரு பெயர் இருக்கிறது. பாட்டி அதை எப்படி உச்சரித்தாளோ அப்படித்தான் எங்களுக்குத் தெரியும். தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். நன்றி.

---

விமானபுரா ரிட்டையர்டு எழுதியது, புதன் காலை 10.10

அம்மா பேத்தி, நான் 1964-இல் ஃபேக்டரியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, ஷீட் மெட்டலிலேயே சார்ஜ்மேனாக ரிட்டையர் ஆனவன். என் மகன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். டைப் அடிப்பது அவன், சொல்வது நான்.

நான் சேர்ந்த வருடம் லிபரேட்டரை ஹேங்கரில் கண்ணால் பார்த்தேன். நம் விமானப் படை 1968 வரை அதை ஓட்டியது, கடைசியில் ஆறாவது படையணி கடல் கண்காணிப்புக்கு வைத்திருந்தது. உலகத்தில் மற்றவர்களெல்லாம் எப்போதோ கைவிட்ட விமானம். எப்படி நம்மிடம் இருபது வருடம் ஓடியது என்றால், அதற்கு கான்பூர்க் கதை தெரிய வேண்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

சண்டை முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் லிபரேட்டர்களைக் கான்பூர் சக்கேரியில் கொண்டுபோய்க் குவித்தார்கள். 322-ஆவது பராமரிப்புப் பிரிவு என்று பெயர். அமெரிக்காக்காரன் கடன்-குத்தகையில் கொடுத்தது, சண்டை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி அழிக்க வேண்டும். அழித்தார்கள். எஞ்ஜினுக்குள் மணல் போட்டார்கள். மீட்டர்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள். லாரியை விட்டு மோதி உடம்பை நசுக்கினார்கள். பிறகு வெயிலிலும் மழையிலும் இரண்டு மூன்று வருடம் அப்படியே கிடந்தது.

சுதந்திரம் வந்த பிறகு நமக்குக் குண்டுவீச்சு விமானம் வேண்டும், வாங்கப் பணம் இல்லை. அப்போதுதான் நம் ஃபேக்டரி ஆட்களை அனுப்பினார்கள். ஒன்றின் இறக்கையை எடுத்து இன்னொன்றில் போட்டு, ஒன்றின் வாலை எடுத்து மற்றொன்றில் போட்டு, பெங்களூர் வரை தாங்கினால் போதும் என்ற அளவுக்குச் சரிசெய்தார்கள். இடைவெளி ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவர் ஜம்ஷெட் முன்ஷி, நம் டெஸ்ட் பைலட். நாற்பத்திரண்டு விமானங்கள் அப்படி வந்தன என்பார்கள். ஒன்றுகூட வழியில் விழவில்லை. இங்கே வந்ததும் முழுதாகப் பிரித்துக் கட்டினார்கள். 1948 நவம்பரிலேயே ஐந்தாவது படையணி அதைக்கொண்டு தொடங்கிவிட்டது.

எப்படி முடிந்தது என்று நீங்கள் கேட்கலாம். நம் ஆட்களுக்கு அந்த விமானம் புதிதில்லை. 1943-லிருந்து சண்டை முடியும் வரை ஃபேக்டரி அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்தது. லிபரேட்டர், டகோட்டா, கேடலினா எல்லாம் ரிப்பேருக்கு இங்கேதான் வரும். கேடலினா தண்ணீரில் இறங்கும் விமானம். அது பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்குமாம். இன்றைக்கு அந்த ஏரியைப் பார்த்தால் யார் நம்புவார்கள்? ஹலசூரிலும் கன்டோன்மென்ட்டிலும் கோலார் தங்கவயலிலும் இருந்து வந்த நம் பையன்கள் அந்த மூன்று வருடத்தில் அமெரிக்கக்காரனோடு நின்று கற்றுக்கொண்ட வேலை அது. உங்கள் தாத்தா 42-இல் சேர்ந்தார் என்றால் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

ஆவணப் பூச்சி சாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொன்ன மூன்று பெயர், ஒரே உடம்பு என்பது காகிதத்தில் சரி. கான்பூரில் ஒரே உடம்பு இல்லை. எண் ஒரு உடம்பினுடையது, வால் வேறொன்றினுடையது. இதையும் கணக்கில் வையுங்கள்.

---

ஆவணப் பூச்சி எழுதியது, புதன் காலை 11.30

ஐயா, இந்தக் கடைசிப் பத்தியை எந்தக் காப்பகத்திலும் நான் படித்திருக்க முடியாது. 541-இல் வரும் எட்டுப் பேர் உட்கார்ந்த உடம்பில் எவ்வளவு கான்பூரைத் தாண்டி மிஞ்சியது என்ற கேள்வியையே நான் எழுப்பியதில்லை. என் குறிப்புகளைத் திருத்த வேண்டும்.

---

நந்தம்பாக்கம் எழுதியது, புதன் மாலை 5.00

சென்னையிலிருந்து. பறந்தவர்கள் பெயர் கிடைத்த பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்று பார்க்க, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடல் பக்கம் இலவசம். கல்லறை இருந்தால் எந்த ஊர், எந்த வரிசை என்று வந்துவிடும். உடல் கிடைக்காதவர்கள் என்றால் இந்தப் பகுதி விமானப் படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சின்னத்தில் இருக்கும். தென்னிந்தியாவில் பல ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் இருந்தவற்றை 1952-இல் எங்கள் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு மாற்றினார்கள். யாருக்காவது இங்கே பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் போய்ப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

---

ஹலசூர்ப் பேத்தி எழுதியது, வியாழன் இரவு 11.50

ஐயா சொன்ன கான்பூர்க் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘எஞ்ஜினுக்குள் மணல்’ வந்ததும் நிறுத்தச் சொன்னாள். தாத்தா சாப்பாட்டில் கல் கடித்தால் ‘கான்பூர் மணல்’ என்பாராம். அரிசி களையத் தெரியாத பாட்டியைக் கிண்டல் செய்கிறார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தோம்.

ஆவணப் பூச்சி அண்ணா தனிமடலில் சொன்னபடி செய்து பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைப் பக்கத்தோடு பக்கமாகப் படுக்கவைத்து, அடுத்த தாளைப் பார்த்தேன். பென்சில் அழுத்திய தடம் தெரிகிறது! ஓட்டைக்கு நேர் கீழே இருந்த இடத்தில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு வயிறு. தாத்தாவின் மற்ற 5-களையும் 3-களையும் எடுத்து வைத்து ஒப்பிட்டேன். அவர் 3-க்கும் தலையில் தட்டைக் கோடுதான் போடுவார். அதனால் 731 அல்லது 751. இரண்டுக்கு மேல் என்னால் குறைக்க முடியவில்லை. இறக்கை அண்ணா, மன்னியுங்கள்.

---

இறக்கை110 எழுதியது, வெள்ளி காலை 7.10

மன்னிப்பு எதற்கு! ஒன்பது இரண்டாகிவிட்டது. இரண்டு எண்களுக்கும் அட்டை கேட்டு அருங்காட்சியகத்துக்கு நேற்றிரவே எழுதிவிட்டேன். செலவு என்னுடையது, இதில் மறுப்பு வேண்டாம்.

---

விமானபுரா ரிட்டையர்டு எழுதியது, வெள்ளி காலை 9.00

அம்மா, அந்தப் பதினோரு பெயர்களுக்கு எதிரே ஏதோ எழுத்து இருக்கிறது என்றீர்களே. என்ன எழுத்து? பெயர்களைப் போட வேண்டாம், அவர்கள் வீட்டாரைக் கேட்காமல் பொதுவில் போடுவது சரியில்லை. எழுத்தையும் எண்ணையும் மட்டும் சொல்லுங்கள்.

---

ஹலசூர்ப் பேத்தி எழுதியது, வெள்ளி மதியம் 1.40

முதல் நான்கு பேருக்கு ‘இ.ரெ’. 140, 140, 95, 95.
அடுத்த நான்கு பேருக்கு ‘வ.ரெ’. 132, 132, 101, 101.
பிறகு இருவருக்கு ‘க’. 60, 60. கடன் என்று நினைத்தோம்.
கடைசி ஒருவருக்கு ‘வா’, 118. வாங்கியது என்று அம்மா சொல்கிறாள்.

---

விமானபுரா ரிட்டையர்டு எழுதியது, வெள்ளி மதியம் 2.05

அம்மா, அது கடனும் இல்லை, சீட்டும் இல்லை.

இடது ரெக்கை, வலது ரெக்கை, கதவு, வால். நாங்களும் ஃபேக்டரியில் ரெக்கை என்றுதான் சொல்வோம். எண்கள் தகடுகளை இணைக்க அன்றைக்கு அடித்த ரிவெட் ஆணிகளின் எண்ணிக்கை. நான் சேர்ந்தபோதும் பெரியவர்கள் இப்படித்தான் பாக்கெட் நோட்டில் குறிப்பார்கள், சாயங்காலம் ஃபோர்மேனிடம் சொல்வதற்கு.

ஏன் இரண்டிரண்டு பேருக்கு ஒரே எண் என்றால், ரிவெட் அடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் வெளியே நின்று ரிவெட் கன்னால் அடிப்பார். இன்னொருவர் உள்ளே இருந்து டாலியை, அதாவது கனமான இரும்புக் கட்டியை, தகட்டுக்குப் பின்னால் அழுத்திப் பிடிப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. தகட்டில் தட்டித் தட்டித்தான் பேச்சு. எங்களுக்குள் ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் இன்னொரு அடி. அதனால் ஜோடிக்கு ஒரே கணக்கு.

வாலுக்கு மட்டும் ஒரே பெயர், 118. ஒருவர் தனியாக அடித்திருக்க முடியாது. ஜோடி யாரென்றால், நோட்டு எழுதினவர். தன் பெயரை யாரும் தன் நோட்டில் எழுத மாட்டார்கள்.

உங்கள் தாத்தா ஒல்லியாக இருந்தாரா? வாலுக்குள் டாலி பிடிக்க ஒல்லியான ஆளைத்தான் அனுப்புவார்கள். கான்பூர் வெயிலில் அந்தத் தகரக் குழாய்க்குள்.

---

ஆவணப் பூச்சி எழுதியது, வெள்ளி மதியம் 2.30

பேத்தி, இதுதான் உங்கள் 541. நான் இத்தனை வருடத்தில் லண்டன் பதிவேடுகளில் எத்தனையோ விமானங்களின் குழுவைப் பார்த்திருக்கிறேன். விமானத்தை மறுபடி எழுப்பிய குழுவின் பட்டியலை, பகுதிவாரியாக, ஒரே ஒரு தடவைதான் பார்க்கிறேன், அது இங்கே. அந்தத் தாளை முதலில் நல்ல ஸ்கேனரில் எடுங்கள். ஒட்டுத்தாள் எதையும் மேலே போடாதீர்கள். நோட்டைப் பருத்தித் துணியில் சுற்றி, காய்ந்த இடத்தில் வையுங்கள்.

---

சயாம் பாதை எழுதியது, வெள்ளி மாலை 6.15

பன்னிரண்டு பேர். யாரோ ஒருவர் எழுதிவைத்ததால்.

அந்தப் பத்துப் பேரின் வீடுகளைத் தேடும் வேலையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹலசூர், ஃப்ரேசர் டவுன், விவேக் நகர் பக்கம் நான் அலைகிறேன். எனக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை.

---

ஹலசூர்ப் பேத்தி எழுதியது, சனி இரவு 10.30

ஐயா, தாத்தா ஒல்லிதான். அவர் கல்யாணச் சட்டை பெட்டியில் இருந்தது, என் பதினான்கு வயது மகனுக்குத்தான் சேர்ந்தது.

‘வா’ என்ற எழுத்துக்கு எதிரே இருக்கும் பெயர் எதுவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வால் மாமாவின் பெயர். அவர் செய்யும் குறும்புக்காகத்தான் தாத்தா அந்தப் பெயர் வைத்தார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம், அம்மா உட்பட. தீபாவளிக்கு வரும்போது அவர் கதவைத் தட்ட மாட்டார், ஜன்னல் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளே இருந்து தாத்தா தூணில் ஒரு தட்டுத் தட்டுவார். பிறகுதான் கதவு திறக்கும். எனக்கே அது நினைவிருக்கிறது.

அவர் மகள் கே.ஆர். புரத்தில் இருப்பதாக அம்மாவின் சித்தி சொன்னார். நாளைக் காலை நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். சயாம் பாதை, உங்களுக்கு வர முடிந்தால் பத்து மணிக்கு ஹலசூர் சோமேஸ்வரர் கோயில் வாசலில் இருங்கள், சேர்ந்து போகலாம்.